ஊர்க் கிணறுகளின் நீர்மட்ட நோட்டு: எழுதுவதற்கு யார் பணம் தருவார்கள், எழுதியதை யார் படிப்பார்கள்?

கேள்வி: கண்மாய்க்கரை

வணக்கம். விருதுநகர் மாவட்டத்தின் மானாவாரிப் பகுதியில் ஆறு ஊராட்சிகளின் மகளிர் கூட்டமைப்புகளோடு சேர்ந்து இயங்கும் ஒரு சிறிய அறக்கட்டளையில் கணக்கையும் கடிதப் போக்குவரத்தையும் நான் பார்த்துக்கொள்கிறேன். கடந்த இரண்டு பருவமழைக் காலங்களாக, கூட்டமைப்புப் பெண்கள் ஊராட்சிக்குப் பத்துக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்து, மாதம் இருமுறை நாடாவை இறக்கி நீர்மட்டத்தை அளந்து நோட்டில் எழுதி வருகிறார்கள். பள்ளி வளாகத்தில் வைத்திருக்கும் மழைமானியின் அளவும், கண்மாயில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்ற குறிப்பும் அதே நோட்டில் உண்டு.

இந்த வேலையைத் தொடங்கியதற்குக் காரணம் இருக்கிறது. நிலத்தடி நீரின் நிலையை அரசு கிராம அளவில் மதிப்பிடுவதில்லை. தமிழ்நாட்டில் அது பிர்க்கா எனப்படும் குறுவட்ட அளவில் நடந்து வந்தது, 2022ஆம் ஆண்டுக் கணக்கில் மாநிலம் முழுவதற்கும் 1,166 குறுவட்டங்கள். எங்கள் குறுவட்டம் அந்தப் பட்டியலில் பாதுகாப்பானது என்ற வரிசையில் இருக்கிறது. பெரிய கண்மாயின் ஆயக்கட்டில், அதாவது அதன் பாசனப் பரப்பில், உள்ள ஊர்களுக்கு அது பொருந்தவும் செய்கிறது. ஆனால் அதே குறுவட்டத்தின் மேட்டுப் பகுதியில் உள்ள இரண்டு ஊர்களில் மாசி மாதம் முடிவதற்குள் கிணறுகள் வற்றிவிடுகின்றன. அங்கே ஒரு தடுப்பணை வேண்டும், அல்லது கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால்வாயைத் தூர்வார வேண்டும் என்று கேட்டால், பட்டியலில் உங்கள் பகுதி நன்றாகத்தானே இருக்கிறது என்ற பதில் வருகிறது. எங்கள் நோட்டு அந்தப் பதிலுக்கு மறுமொழியாக இருக்கும் என்று நம்பித்தான் அளக்கத் தொடங்கினோம்.

இப்போது இரண்டு சிக்கல்கள். இதுவரை நண்பர்கள் கொடுத்த நன்கொடையில் நாடா, நோட்டு, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றைச் சமாளித்தோம். அளக்கும் பெண்களுக்கு ஒரு ரூபாயும் கொடுக்கவில்லை. அந்த நன்கொடை தீர்ந்துவிட்டது. ஒரு நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு நிதியை அணுகியபோது, கைப்பேசிச் செயலி ஒன்றை உருவாக்கித் தருவதாகச் சொன்னார்கள். ஆனால் அளப்பவர்களுக்குக் கூலி என்ற வரியை மட்டும் மதிப்பீட்டிலிருந்து நீக்கச் சொன்னார்கள். இரண்டாவது, ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நோட்டின் நகலைக் கொடுத்து ஒப்புகை வாங்கினோம். அதன்பின் அது எங்கே போனது என்றே தெரியவில்லை. இந்த வகை வேலைக்கு எந்த நிதி உண்மையில் பொருந்தும், விவரத்தை எந்த வழியில் கொடுத்தால் அது ஒரு முடிவில் போய்ச் சேரும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1: வரவுசெலவு

நிதி பற்றிய பகுதிக்கு மட்டும் என்னால் பதில் சொல்ல முடியும். பல சிறிய அமைப்புகளுக்குத் தணிக்கைக்கான கணக்குகளைத் தயாரித்துக் கொடுத்தவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் வேலையின் செலவில் பெரும்பகுதி மனித உழைப்பு. நம் நாட்டில் நிதி கொடுக்கும் விதிகளோ மனித உழைப்பை நிர்வாகச் செலவாகப் பார்த்துச் சந்தேகப்படுபவை. செயலிக்குப் பணம் தருகிறவர்கள் கூலிக்குத் தர மறுப்பது கஞ்சத்தனத்தால் மட்டும் நடப்பதில்லை.

வெளிநாட்டு நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அந்த நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்தது. ஒரு பெரிய அமைப்பு தான் பெற்ற வெளிநாட்டு நிதியை உங்களைப் போன்ற சிறிய அமைப்புக்குப் பிரித்துக் கொடுப்பதும் அதே திருத்தத்தால் தடை செய்யப்பட்டது. சென்னையிலோ மதுரையிலோ உள்ள ஒரு பெரிய தொண்டு நிறுவனம் நிதியை வாங்கி, கிராமத்தில் இருப்பவர்களுக்குக் கைமாற்றிவிடும் பழைய ஏற்பாடு அதோடு முடிந்தது. இன்னொரு பக்கம், அந்தச் சட்டத்தின் விதிகளில் ஐந்தாவது விதி, ஆராய்ச்சியையோ பயிற்சியையோ முதன்மைப் பணியாகக் கொண்ட அமைப்பில் கள விவரங்களைச் சேகரிப்பவர்களுக்கும் ஆராய்பவர்களுக்கும் தரும் ஊதியத்தை நிர்வாகச் செலவில் சேர்க்க வேண்டாம் என்கிறது. ஆகவே, உங்களிடம் நேரடிப் பதிவு இருந்து, அறக்கட்டளைப் பத்திரத்தின் நோக்கங்களில் ஆராய்ச்சி முதன்மையாக இருந்தால் வழி உண்டு. பெரும்பாலான கிராம அறக்கட்டளைகளின் பத்திரத்தில் ‘ஏழை எளியோர் நலன்’ என்று ஒரே வரிதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு இந்த விலக்கைக் கேட்க முடியாது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி 2013ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135ஆவது பிரிவின்கீழ் வருவது. மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதம். 2021 ஏப்ரல் முதல், அந்த நிதியைப் பெற்றுச் செயல்படுத்தும் அமைப்பு மத்திய அரசிடம் பதிவு செய்து எண் பெற்றிருக்க வேண்டும். அந்த நிதியை எந்தப் பணிகளுக்குச் செலவிடலாம் என்று பட்டியலிடும் ஏழாவது அட்டவணையில் ஊரக வளர்ச்சியும் இருக்கிறது, நீர்வளப் பாதுகாப்பும் இருக்கிறது. விவரச் சேகரிப்பு என்ற பெயரில் தனித் தலைப்பு கிடையாது. ஆகவே ‘நீர்மட்டத்தைக் கண்காணித்தல்’ என்று தனித் திட்டமாக எழுதாமல், ‘கண்மாய் வரத்துக்கால்வாய்ச் சீரமைப்பும் அதன் பயனை மூன்றாண்டுகள் அளத்தலும்’ என்று எழுதுங்கள். அளத்தல் அந்தத் திட்டத்தின் உறுப்பாகிவிடும். அளப்பவரின் கூலியும் களப்பணிச் செலவாகிவிடும். இது சொல் விளையாட்டு என்று சிலர் கோபப்படலாம். அளக்காமல் சீரமைத்த கண்மாய்கள் எத்தனை என்று யோசித்தால் அது அவ்வளவு பெரிய விளையாட்டாகத் தெரியாது.

செலவைக் கூட்டிப் பார்த்தேன். ஆறு ஊராட்சிகளில் தலா ஒருவர், மாதம் மூன்று நாள், நாளுக்கு 350 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 75,600 ரூபாய். நோட்டுகளைச் சரிபார்த்துத் தொகுக்கும் ஒருவருக்குப் பகுதிநேர மதிப்பூதியம் மாதம் 8,000 என்றால் 96,000. நாடா, அச்சு, பயணம் எல்லாம் சேர்த்து 30,000. மொத்தம் 2,01,600 ரூபாய். இரண்டு லட்சத்தில் ஆறு ஊராட்சிகளின் நீர்க்கணக்கு ஓராண்டுக்குக் கிடைக்கும். செயலிக்கு அவர்கள் சொன்ன தொகையை நீங்கள் குறிப்பிடவில்லை. இதைவிடக் குறைவாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அடுத்த முறை அவர்களைச் சந்திக்கும்போது இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.


மறுமொழி 2: ஒன்றிய அலுவலகம் (ஓய்வு)

உங்கள் நோட்டு எங்கே போனது என்று எனக்குத் தெரியும். தபால் பதிவேட்டில் எண் போட்டு, ‘கோப்பில் வைக்கவும்’ என்று எழுதப்பட்டு, கட்டப்பட்டிருக்கும். அந்த எழுத்தர் மீது குற்றம் சொல்ல மாட்டேன். எந்தத் திட்டத்துக்கு, எந்த நிதியாண்டுக்கு, என்ன முடிவு எடுக்க வேண்டும் என்று கேட்காத தாள் அலுவலகத்தில் அப்படித்தான் உறங்கும்.

முதலில், யாரிடம் கொடுப்பது. நூறு ஏக்கருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள கண்மாய் ஒன்றியத்தின் பொறுப்பு. அதற்கு மேற்பட்டது நீர்வளத் துறையின் பொறுப்பு. உங்கள் மேட்டு ஊர்களுக்கு வரும் வரத்துக்கால்வாய் எந்தக் கண்மாயோடு சேர்ந்தது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள வரைபடத்தில் பார்த்துவிட்டு எழுதுங்கள். தவறான அலுவலகத்துக்குப் போன மனு, ‘இவ்வலுவலகத்துக்குத் தொடர்பில்லை’ என்ற ஒரு வரியோடு இரண்டு மாதம் கழித்துத் திரும்பும்.

அடுத்து, எப்போது கொடுப்பது. இதைத்தான் பலரும் தவற விடுகிறார்கள். ஆண்டில் ஆறு கிராம சபைகள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சி வளர்ச்சித் திட்டத்துக்கான வேலை பெரும்பாலும் அக்டோபர் 2இல் தொடங்கி ஜனவரி இறுதி வரை நடக்கும். உங்கள் பகுதிக்கு மழை தருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் 2 அன்று அந்த ஆண்டின் மழையைப் பற்றிச் சொல்ல உங்களிடம் ஒன்றும் இருக்காது. மழை ஓய்ந்து, கிணறுகள் ஊறி முடிந்து, திட்டமும் இன்னும் மூடப்படாமல் இருக்கும் ஒரே சபை ஜனவரி 26தான். ஆகவே ஜனவரி முதல் வாரத்தில் எல்லாக் கிணறுகளையும் ஒரே நாளில் அளந்து, முந்தைய ஆண்டின் அதே வாரத்து அளவோடு சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதி, 26ஆம் தேதி சபையில் படித்து, தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் செய்யுங்கள். நோட்டு முழுவதையும் படிக்க வேண்டாம். ‘இந்த இரண்டு ஊர்களில் பருவமழை முடிந்த நிலையிலும் நீர்மட்டம் இவ்வளவு அடி ஆழத்தில் உள்ளது, ஆகவே இந்தச் சர்வே எண்ணில் உள்ள வரத்துக்கால்வாயைத் தூர்வார இச்சபை தீர்மானிக்கிறது’ என்று ஒரு தீர்மானம் போதும். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள் சபை. அன்று கோடைக்கு முந்தைய அளவைப் படிக்கலாம். திட்டத்தில் சேர்ப்பதற்கு அது தாமதம், நினைவூட்டலுக்கு நல்லது.

மகளிர் கூட்டமைப்புகள் ஆண்டுதோறும் தயாரித்துக் கிராம சபையில் வைக்க வேண்டிய வறுமை ஒழிப்புத் திட்டம் ஒன்று தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் நடைமுறையில் இருக்கிறது. பொதுச் சொத்துகளுக்கான தேவைகளை எழுத அதில் இடமுண்டு. பல ஊர்களில் அதைப் போன ஆண்டுப் படிவத்தைப் பார்த்து நிரப்புகிறார்கள். உங்கள் கூட்டமைப்பிடம் உண்மையான அளவு இருக்கும்போது அந்தப் படிவத்தை விட்டுவிட்டுத் தனி மனு எழுதியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அரசே திறந்து வைத்திருக்கும் கதவு அது.

ஊராட்சியிலிருந்தே பணம் கிடைக்குமா என்றால், 15ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021–26 காலத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டப்பட்டிருந்தது. எஞ்சிய 40 சதவீதம் ஊர்த் தேவைக்கு ஏற்பச் செலவிடத் தக்கது என்றாலும், ஊதியத்துக்கும் அலுவலகச் செலவுக்கும் பயன்படுத்தக் கூடாது என்ற நிபந்தனை இருந்தது. ஊராட்சியின் சொந்த வருவாயான வீட்டுவரியிலும் குடிநீர்க் கட்டணத்திலும் அப்படிப்பட்ட கட்டு இல்லை. ஆனால் மானாவாரி ஊராட்சியில் அந்த வருவாய் மின்கட்டணத்துக்கே போதாது. இதை எழுதும்போது எனக்கே சங்கடமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்று. உங்கள் மாவட்டம் உட்படப் பல மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்து, பொறுப்பு அரசு நியமித்த தனி அலுவலர்களிடம் போனது. 2016க்கும் 2019க்கும் இடையிலும் இப்படித்தான் இருந்தது. தலைவர் இருந்தால் அவருக்கு வாக்குக் கவலை இருக்கும். அவரிடம் வாய்ப்பேச்சே போதும். தனி அலுவலரிடம் எழுத்தும் தீர்மான எண்ணும்தான் பேசும். நோட்டை ஒழுங்காக வைத்திருப்பவர்களுக்கு அந்தக் காலம் அவ்வளவு மோசமானதல்ல என்பது என் அனுபவம்.


மறுமொழி 3: மேட்டுத்தெரு

மேலே இருவரும் சொன்னவை பயனுள்ளவை. ஆனால் அறுபது கிணறுகள் யாருடையவை என்று இதுவரை யாரும் கேட்கவில்லையே. கிணறு வைத்திருப்பவர் நிலம் வைத்திருப்பவர். நிலமில்லாத குடும்பங்களின் தண்ணீர் மேல்நிலைத் தொட்டியிலிருந்து தெருக்குழாயில் வருகிறது. அது எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, தெருவின் கடைசிக் குழாயில் எத்தனை குடம் கிடைக்கிறது என்பது உங்கள் நோட்டில் இல்லை. நாளை அந்த நோட்டை வைத்து ஊராட்சி முடிவெடுத்தால், தடுப்பணை கிணற்றுக்காரருக்கு வரும். காலனித் தெருவின் குழாய் பழையபடியே இருக்கும். உள்ளூர் விவரம் என்பதாலேயே அது எல்லாருடைய விவரமும் ஆகிவிடாது. அடுத்த பருவத்துக்கு முன் கூட்டமைப்பின் கூட்டத்தில், எதை அளக்க வேண்டும் என்ற கேள்வியை மறுபடி திறந்து வையுங்கள். மாநில அரசின் ஊரக வறுமை ஒழிப்புத் திட்டமான புது வாழ்வுத் திட்டத்தின் காலத்தில் சில மாவட்டங்களில் வாழ்க்கைத்தரக் கணக்கெடுப்புக்கான கேள்விகளை மகளிர் குழுக்களே பேசி வடிவமைத்து, கைக்கணினியோடு வீடுவீடாகப் போன முன்னுதாரணம் தமிழ்நாட்டிலேயே உண்டு.

ஆந்திரத்தின் அனுபவத்தையும் பார்க்க வேண்டும். வறட்சி மிகுந்த ஏழு மாவட்டங்களில் உழவர்களே மழையையும் கிணற்று மட்டத்தையும் அளந்து, ராபி எனப்படும் குளிர்காலப் பருவ விதைப்புக்கு முன் ஊர்கூடி நீர்வரவுசெலவு போடும் பெருந்திட்டம் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் துணையோடு 2000களில் நடந்தது. இன்ன பயிர் போடாதே என்று யாரும் யாருக்கும் உத்தரவிடவில்லை. இவ்வளவு தண்ணீர் இருக்கிறது, நீங்கள் போட நினைக்கும் பயிர்களுக்கு இவ்வளவு வேண்டும் என்ற இரண்டு எண்களைச் சுவரில் எழுதினார்கள், அவ்வளவே. பல ஊர்களில் நெல்லின் பரப்பு குறைந்தது. வெளிநிதி நின்றபின் அளவெடுப்பு பல இடங்களில் தளர்ந்தது என்பதும் உண்மை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இரண்டு. ஒன்று, விவரத்தை முதலில் பயன்படுத்த வேண்டியவர் ஆட்சியர் அல்லர், விதைக்கப் போகிற உழவர். மற்றொன்று, மூன்றாண்டு நிதியில் முப்பதாண்டு வேலையைத் தொடங்குகிறவர்கள், நான்காம் ஆண்டு நோட்டு யார் கையில் இருக்கும் என்பதை முதல் ஆண்டிலேயே முடிவு செய்துவிட வேண்டும்.

கேரளத்தில் 1990களின் தொடக்கத்திலேயே கண்ணூர் மாவட்டத்துக் கல்லியாசேரி ஊராட்சியில் ஊர்மக்கள் நில, நீர்வள வரைபடங்களைத் தயாரித்தார்கள். ஆனால் 1996இல் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிகளுக்குப் போகும் என்று அரசு அறிவித்தபின்தான் ஊராட்சிகள்தோறும் வளர்ச்சி அறிக்கை எழுதும் வேகம் வந்தது. பணம் எங்கே செலவாக வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை ஊருக்கு வந்தால், விவரம் தானாகத் தேடப்படும். உரிமை இல்லாத இடத்தில் அதே விவரம் மனுவின் இணைப்பாக மட்டுமே இருக்கும்.

ஊர்ச் செயல்பாட்டுக்குச் சட்டமே பணம் ஒதுக்கிய எடுத்துக்காட்டு நம் நாட்டில் ஒன்று உண்டு. 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டம், கிராம சபை சமூகத் தணிக்கை செய்ய வேண்டும் என்று 17ஆவது பிரிவில் சொன்னது; அதை நடத்தும் மாநில அமைப்புகளுக்குத் திட்டச் செலவில் 0.5 சதவீதம் வரை மத்திய அரசு கொடுக்கும் ஏற்பாடும் பின்னர் வந்தது. அந்தத் தணிக்கை எல்லா ஊரிலும் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் சரிபார்க்கும் வேலைக்கு ஒரு சதவீதம் நிர்ணயிக்க முடியும் என்று அது காட்டியது. நீர்நிலைச் சீரமைப்புக்கு ஒதுக்கும் ஒவ்வொரு மதிப்பீட்டிலும் அரை சதவீதத்தை ஊர்க் கூட்டமைப்பு அளப்பதற்கென்று வைத்தால், செயலி செய்து தருகிறவர்களின் வாசலில் யாரும் நிற்க வேண்டியிருக்காது. உங்கள் ஆறு ஊராட்சிகளும் சேர்ந்து கேட்க வேண்டியது இதுதான் என்பது என் கருத்து.

குடும்பவாரியான விவரம் சேர்க்கத் தொடங்கினால் ஒரு எச்சரிக்கை. கிணற்று மட்டத்தை ஊர்ச் சாவடிச் சுவரில் எழுதலாம். எந்த வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு கடன், என்ன சாதி என்பதை எழுத முடியாது. அவற்றுக்குத் தனி நோட்டு, சம்மதக் கையொப்பம், பூட்டுள்ள பெட்டி ஆகியவை வேண்டும். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கைப்பேசிச் செயலியில் ஏற்றப்படும் விவரத்துக்குப் பொருந்தும். செயலி செய்து தருகிறவர்கள் அந்த விவரம் யாருடைய கணினியில் தங்கும் என்று எழுதித் தருவார்களா என்று கேட்டுப் பாருங்கள்.


கண்மாய்க்கரை

மூவருக்கும் நன்றி. மேட்டுத்தெரு அவர்கள் கேட்டது உறுத்தியது. பட்டியலை எடுத்துப் பார்த்தேன். அறுபது கிணறுகளில் நான்கு மட்டுமே பொதுக்கிணறுகள், அவற்றில் ஒன்றுகூடக் காலனியில் இல்லை. அளப்பவர்களில் பாதிப்பேர் அந்தத் தெருக்களிலிருந்து வருகிறவர்கள் என்பதால், அவர்களுடைய தண்ணீரும் கணக்கில் இருக்கிறது என்று நானாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வரும் கூட்டமைப்புக் கூட்டத்தில் தெருக்குழாய்க் கணக்கைச் சேர்ப்பது பற்றிப் பேசுவதாக முடிவு செய்திருக்கிறோம்.

பத்திரத்தைத் திருத்தி ஆராய்ச்சியை நோக்கமாகச் சேர்ப்பது பற்றி அறங்காவலர்களிடம் பேச வேண்டும். எங்களிடம் வெளிநாட்டு நிதிக்கான பதிவே இல்லை என்பதால் அது அவசரமில்லை. ஒன்றிய அலுவலக நண்பரிடம் ஒரு சிறு ஐயம்: வரத்துக்கால்வாய் இரண்டு ஊராட்சிகளின் எல்லையில் ஓடுகிறது. தலைப்பு, அதாவது கால்வாய் தொடங்கும் இடம், ஒரு ஊராட்சியில், பயன் மற்றொன்றில். தீர்மானம் எந்தச் சபையில் போட வேண்டும்?


ஒன்றிய அலுவலகம் (ஓய்வு)

இரண்டிலும். ஒரே வாசகம், ஒரே சர்வே எண்கள், ஒரே அளவுப் பட்டியல். தலைப்பு உள்ள ஊராட்சி ஆட்சேபணை இல்லை என்று எழுதாவிட்டால் மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர் எல்லைக்கு அப்பால் நாடாவைப் பிடிக்க மாட்டார். அந்த ஊர்க்காரர்களுக்கு இதனால் நேரடிப் பயன் இல்லை என்பதால், 26ஆம் தேதிக்கு முன்பே உங்கள் கூட்டமைப்புப் பெண்கள் அந்த ஊர்க் கூட்டமைப்புப் பெண்களிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டிப் பேசிவிடட்டும். சபையில் முதன்முறையாகக் கேட்டால் மறுப்பார்கள். படிக்கும் பக்கத்தின் நகலில் தலைப்பு ஊராட்சியின் கிணறுகளையும் சேர்த்தே போடுங்கள்.